பொதிகைக் காடும் எங்கள் வீட்டுக் கிளியும்



நம் கடலோர ஊர்களில் ஓர் இல்லத்தின் வாயிற்படியில் கால் வைத்ததும் நம்மை முதலில் வரவேற்பது எது? பல வீடுகளில் அது வீட்டுக்காரரின் குரலன்று. முற்றத்தில் தொங்கும் கூண்டிலிருந்து “வாங்க, வாங்க” என்று மிழற்றும் பச்சைக்கிளியின் குரலே அது. எங்கள் இல்லத்திலும் நான்கு ஆண்டுகளாக அப்படியொரு கிளி இருந்தது. என் இளைய மகளுக்கு அதன்மீது கொள்ளை ஆசை. காலையில் தான் உண்ணும் முன்பு கிளிக்குப் பழம் வைத்துவிட்டுத்தான் அவள் பள்ளிக்குப் புறப்படுவாள்.

அந்தக் கிளியைப் பற்றி எழுதுவதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. நண்பர்களுடன் பொதிகைக் காட்டுக்குச் சென்று வந்த செய்தியைச் சொல்லவே எடுத்தேன். ஆயினும், அந்தப் பயணம் எங்கள் வீட்டுக் கூண்டின் அருகில் வந்து முடிந்தமையால், இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியவனாகிறேன்.

மணப்பாட்டிலிருந்து புறப்பாடு

திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினத்தை அடுத்திருப்பது மணப்பாடு. கடலை நோக்கி நீண்டு கிடக்கும் மணல் மேடும், அதன்மீது 1581-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற திருச்சிலுவைக் கோயிலும், சவேரியார் தங்கியிருந்த குகையும் அவ்வூருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. முத்துக்குளித்தலால் புகழ்பெற்ற இக்கரையின் பழைய ஊர்களில் அதுவும் ஒன்று. கல்லூரியில் என்னுடன் இளங்கலை பயின்ற நண்பர் ஒருவர் அவ்வூர்க்காரர், கத்தோலிக்கர், பள்ளி ஆசிரியராகப் பணியாற்றுபவர். பறவைகளையும் விலங்குகளையும் தேடிச் சென்று பார்ப்பதில் நெடுநாள் ஆர்வம் கொண்டவர்.

“ஆலிம்சா, கடலைப் பார்த்தே பாதி ஆயுள் போய்விட்டது. ஒரு நாளாவது காட்டைப் பார்க்க வாருங்கள்” என்று அவர் பல முறை அழைத்தும், மதரஸாப் பணிகளைக் காரணம் காட்டி நான் தட்டிக் கழித்து வந்தேன். சென்ற ஜனவரி இறுதியில் ஒரு விடுமுறை வாய்த்தது. குலசேகரன்பட்டினத்து மளிகைக் கடைக்காரர் ஒருவரும், உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி ஒருவரும் உடன் வர இசைந்தனர். இவர்களுள் மளிகைக் கடைக்காரர் கௌதாரிக் கறிப் பிரியர். “புலியைப் பார்க்காமல் ஊர் திரும்பப் போவதில்லை” என்று முன்கூட்டியே சபதமும் செய்திருந்தார்.

முதல் நாள் இரவே நால்வரும் மணப்பாட்டு நண்பரின் இல்லத்தில் கூடினோம். அவருடைய துணைவியார் வழிச்சோற்றை ஓலைப் பெட்டிகளில் கட்டி வைத்திருந்தார். மணப்பாடு பனையோலைக் கைவினைக்குப் பேர்பெற்ற ஊர் என்பதைத் தாய்மார்கள் பலர் அறிந்திருப்பீர்கள். “காட்டுக்குள் பிளாஸ்டிக் பையோ பொட்டலமோ வரக் கூடாது, இந்தப் பெட்டி போனபடியே திரும்பி வந்துவிடும்” என்றார் அந்தச் சகோதரி. காட்டுக்குப் போகும் முன்பே எங்களுக்குக் கிடைத்த முதற் பாடம் அதுவாகும்.

அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டு, உடன்குடி, சாத்தான்குளம், மூலைக்கரைப்பட்டி வழியாகத் திருநெல்வேலியை நெருங்கினோம். மேலப்பாளையத்தில் சுப்ஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் கடந்து, பொழுது நன்கு புலர்ந்த வேளையில் பாபநாசம் வனச் சோதனைச் சாவடியை அடைந்தோம். எதிரே நீலமும் பசுமையும் கலந்து மலைத்தொடர் எழுந்து நின்றது. ‘பொதிகை, பொதிகை’ என்று தமிழ் வகுப்பில் படித்த மலை அதுதான் என்று உணர்ந்தபோது, இத்தனை அருகில் இருந்தும் இத்தனை ஆண்டுகள் காணாதிருந்தோமே என்ற வெட்கமும் உடன் எழுந்தது.

புலிகளின் இல்லம்

நாங்கள் சென்றது களக்காடு - முண்டந்துறைப் புலிகள் காப்பகம். முண்டந்துறைப் பகுதி 1962-லேயே புலிகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. சிங்கவால் குரங்கு எனப்படும் சோலைமந்தியைக் காக்கும் பொருட்டுக் களக்காடு 1976-ல் சரணாலயமாயிற்று. இரண்டையும் இணைத்து 1988-ல் புலிகள் காப்பகம் அமைக்கப்பெற்றது. தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம் இதுவே. இதன் பரப்பு சுமார் 895 சதுர கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலை 2012-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டதும், அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016-ல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம் பெற்றதும் இம்மலையின் அருமையை உலகமே உணர்ந்துகொண்டதற்குச் சான்றுகளாம்.

வனத்துறையின் அனுமதியைப் பெற்றுக்கொண்டோம். எங்களுடன் வழிகாட்டியாக வந்தவர் இம்மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் காணி இனத்தைச் சேர்ந்த நடுத்தர வயதுக்காரர். வேட்டைத் தடுப்புக் காவலர். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வழக்கம்போல் நான் வெள்ளை ஜிப்பா அணிந்து, அத்தரும் பூசியிருந்தேன்.

“ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த வெள்ளை அரை மைலுக்கு அப்பால் நிற்கும் மிளாவுக்கும் தெரியும். இந்த வாசனை அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும்” என்றார் பணிவாக.

நண்பர்கள் சிரித்தனர். மணப்பாட்டு நண்பர் தம்மிடமிருந்த சாம்பல் நிறப் போர்வையை எடுத்து என் தோளில் போர்த்தினார். அத்தரைத்தான் ஒன்றும் செய்ய இயலவில்லை! பிறர் வீட்டுக்குச் செல்லும்போது அவ்வீட்டாரின் வழக்கத்தை மதித்து நடக்க வேண்டும் என்று மாணவர்களுக்கு நாள்தோறும் கற்பிக்கும் நான், காடும் பிற உயிர்களின் வீடு என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

நான் செய்த பிழை

வண்டி மெல்ல ஊர்ந்து சென்றது. சாலையோரத்தில் நாட்டுக்குரங்குகள் கூட்டமாக அமர்ந்திருந்தன. ஒரு தாய்க்குரங்கு வயிற்றோடு ஒட்டிய குட்டியுடன் எங்களை நோக்கிக் கை நீட்டியது. மனம் இளகிப் போய், ஓலைப் பெட்டியிலிருந்த வாழைப்பழம் ஒன்றை எடுத்து வீசினேன். தர்மம் செய்துவிட்ட மனநிறைவோடு திரும்பிப் பார்த்தால், காவலரின் முகம் வாடியிருந்தது.

“நீங்கள் போட்டது ஒரு பழம்தான் ஐயா. பின்னால் வரும் வண்டிக்காரரும் ஒன்று போடுவார். காட்டில் பழமும் தளிரும் தேடித் தின்ன வேண்டிய குரங்கு நாள் முழுதும் சாலையிலேயே காத்திருக்கும். வண்டியில் அடிபடும். கொடுக்காதவர் கையிலிருந்து பறிக்கும், பிள்ளைகளைக் கடிக்கும். அப்புறம் குரங்குத் தொல்லை என்று எல்லாரும் புகார் சொல்வார்கள்” என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள், பழத்துக்காகப் பாய்ந்த பெரிய குரங்கு ஒன்று அந்தத் தாயைக் கடித்து விரட்டிவிட்டது. குட்டியின் அலறல் வெகுநேரம் என் செவியில் ஒலித்தது. இரக்கம் நல்லதுதான், ஆனால், அறிவோடு சேராத இரக்கம் யாருக்கு நன்மை செய்யும்? மலைப்பகுதிகளுக்குச் சுற்றுலா செல்லும் குடும்பத்தினர் இதைத் தயவுசெய்து கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

புலியைக் கண்டீர்களா?

ஊர் திரும்பிய பின் எங்களைச் சந்தித்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி இது ஒன்றே. இல்லை, வாசகர்களே! நாங்கள் புலியைக் காணவில்லை.

தாமிரபரணிக்கும் சேர்வலாறுக்கும் இடையே அமைந்த மேட்டுநிலந்தான் முண்டந்துறை. அங்கே வண்டியை நிறுத்தச் செய்து, ஓசையின்றி அமர்ந்திருக்கும்படி பணித்தார் காவலர். முதல் பத்து நிமிடங்கள் காடு வெறுமையாகத் தோன்றியது. கடைக்காரர் பொறுமையிழந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதன் பின்னரே காடு மெல்ல மெல்லத் தன்னைக் காட்டத் தொடங்கியது. உயர்ந்த மரமொன்றில் செம்பழுப்பும் கறுப்பும் கலந்த நீண்ட வாலுடன் மலை அணில் ஒன்று கிளைவிட்டுக் கிளை தாவியது. அப்பால் கருமந்திகள் இரண்டு தளிரைக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தன. எங்கிருந்தோ சாம்பல் இருவாச்சியின் குரல், ஒருவர் உரக்கச் சிரிப்பதைப் போல் ஒலித்தது. புள்ளிமான் கூட்டம் ஒன்று புல்வெளியின் ஓரம் வந்து நின்று, எங்களை அளந்து பார்த்துவிட்டு மேயத் தொடங்கியது. எங்கள் ஊர்ப்பக்கத்துச் சந்தையின் இரைச்சலுக்கே பழகிய எங்கள் செவிகள், ஓர் இலை விழும் ஓசையையும் கேட்கத் தொடங்கின.

சற்று நேரத்தில் மேய்ந்துகொண்டிருந்த மான்கள் அனைத்தும் ஒரே திசையில் தலையை நிமிர்த்தின. கருமந்தி ஒன்று மரத்தின் உச்சியிலிருந்து கரகரத்த குரலில் எச்சரித்தது. “சிறுத்தையாக இருக்கலாம், புலியாகவும் இருக்கலாம்” என்று காவலர் மிக மெதுவாகச் சொன்னார். மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தோம். புதரில் ஏதோ அசைந்தது; அவ்வளவே. மான்கள் மறுபடி மேயத் தலை குனிந்தன.

திரும்பும் வழியில் ஈரமண்ணில் பதிந்திருந்த காலடித் தடம் ஒன்றைக் காட்டினார். என் உள்ளங்கையை விரித்து அதன்மேல் பிடித்துப் பார்த்தேன். தடமே பெரிதாக இருந்தது. “நேற்று இரவு இந்தப் பக்கம் போயிருக்கிறது. நாம் அதைப் பார்க்கவில்லையே தவிர, அது நம்மைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது” என்றார். கடைக்காரர் சட்டென்று வண்டியில் ஏறி அமர்ந்துகொண்டார்!

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி புலிகளின் எண்ணிக்கை சுமார் 3,682. தமிழகத்தில் 306. பல கோடி மக்கள் வாழும் நாட்டில் இத்தனை புலிகளே எஞ்சியுள்ளன. புலி வாழ வேண்டுமானால் மான் வேண்டும். மான் வாழப் புல் வேண்டும். புல்லுக்கும் மரத்துக்கும் நீரும் அமைதியும் வேண்டும். புலியின் காலடித் தடம் ஒரு காட்டில் காணப்படுகிறதென்றால், அக்காடு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சியாகும்.

காட்டுக்கும் கடற்கரைக்கும் என்ன உறவு?

“காட்டைக் காப்பது மலையில் வாழ்பவர்களின் வேலை, நமக்கென்ன?” என்று நம்மில் சிலர் எண்ணக்கூடும். கருப்பட்டி வியாபாரியும் வழியில் இதே வினாவை எழுப்பினார். மணப்பாட்டு நண்பர் அவரை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று, நீரை அள்ளிப் பருகச் செய்து, “இதன் ருசி தெரிகிறதா? இதைத்தான் நாம் தினமும் குடிக்கிறோம்” என்றார்.

உண்மைதான். பொதிகையில் தோன்றும் தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, காயல்பட்டினத்துக்கு அருகில் புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. தமிழகத்திலேயே தோன்றித் தமிழகத்திலேயே கடல் சேரும் வற்றாத ஆறு அது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வயல்களுக்கும் குடிநீர்க் குழாய்களுக்கும் அதுவே ஆதாரம். ஏன் அது வற்றுவதில்லை? இம்மலை தென்மேற்குப் பருவமழையையும் பெறுகிறது. வடகிழக்குப் பருவமழையையும் பெறுகிறது. பெய்த மழையைச் சோலைக்காடு உடனே ஓட விடுவதில்லை. உதிர்ந்த இலைகளும், வேர்களும், மெத்தென்ற மண்ணும் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையற்ற மாதங்களில் சிறுகச் சிறுகக் கசியவிடுகின்றன. காட்டை அழித்துவிட்டால் மழைக்காலத்தில் சேற்று வெள்ளமும் கோடைக்காலத்தில் வெறும் மணலும்தான் எஞ்சும்.

மணப்பாட்டின் அருகே கடலில் சேரும் கருமேனியாறு தாமிரபரணியைப் போன்ற வற்றாத ஆறன்று. ஆண்டின் பெரும்பகுதி அது வறண்டே கிடக்கும். ஆகவேதான், தாமிரபரணியின் வெள்ள உபரி நீரைக் கருமேனியாற்றுக்கும் நம்பியாற்றுக்கும் கொண்டு சேர்க்கும் கால்வாய்த் திட்டம் 2009-ல் தொடங்கப்பெற்றது. அந்த ஊர்களின் நம்பிக்கையும் இறுதியில் பொதிகைக் காட்டில்தான் வேர் கொண்டிருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நம் பகுதி மக்கள் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. அத்தகைய பெருமழையை எந்தக் காடும் முழுமையாகத் தாங்கிவிடாது என்பது உண்மையே. ஆயினும், மேலே காடு இருக்கும்போதே இந்த நிலையென்றால், அது இல்லாத நிலையை எண்ணிப் பாருங்கள்!

ஒரு சிட்டுக்குருவி திருப்பிய வாழ்க்கை

நண்பகல் உணவுக்குப் பிறகு, மரநிழலில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். கௌதாரி வேட்டையைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அப்பொழுது மணப்பாட்டு நண்பர், “உங்கள் சாலிம் அலியும் முதலில் வேட்டைக்காரர்தான்” என்றார். அவரைப் பற்றி நம் இல்லங்களில் அறிந்தவர்கள் எத்தனை பேர்? நம் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் அது.

1896-ல் மும்பையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் சாலிம் அலி. சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, மாமாவின் வீட்டில் வளர்ந்தார். சுமார் பத்து வயதில், காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். எடுத்துப் பார்த்தால், அதன் தொண்டையில் மஞ்சள் நிறத் தீற்று ஒன்று இருந்தது. வழக்கமாகக் காணும் குருவியன்று அது. இதை உண்ணலாமா, இது என்ன பறவை என்ற ஐயத்தோடு மாமாவிடம் எடுத்துச் சென்றார். அவருக்கும் தெரியாமற்போகவே, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராயிருந்த மில்லர்டிடம் சிறுவனை அனுப்பி வைத்தார். அங்கே பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த எண்ணற்ற பறவைகளைக் கண்ட சிறுவனின் உள்ளத்தில் புதியதோர் உலகம் திறந்தது.

பின்னாளில் இந்தியா முழுவதும் நடந்து திரிந்து பறவைகளை ஆராய்ந்தவர் அவர். இந்தியப் பறவைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1941-ல் வெளியாயிற்று. 1976-ல் பத்மவிபூஷண் விருது அவரைத் தேடி வந்தது. 1987-ல் அவர் மறைந்தார். கோவைக்கு அருகிலுள்ள ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவையியல் ஆராய்ச்சி மையம் ஒன்று இயங்கி வருகிறது. ‘இது என்ன பறவை?’ என்று கேட்ட சிறுவனைக் கடிந்து விரட்டாமல், விடை சொல்லக் கூடியவரிடம் அனுப்பி வைத்த அந்த மாமாவையும் நாம் பாராட்டத்தான் வேண்டும். நம் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை நாம் எப்படி எதிர்கொள்கிறோம் என்பதைச் சற்றே நினைத்துப் பார்ப்போமாக!

அதைக் கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் நெடுநேரம் பேசவில்லை.

கூந்தன்குளத்தின் பெருந்தன்மை

திரும்பும் வழியில், மூலைக்கரைப்பட்டியை அடுத்த கூந்தன்குளத்தில் இறங்கினோம். 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற சிற்றூர் அது. ஆனால், அரசு அறிவிக்கும் முன்பே பறவைகளைத் தம் விருந்தினராக ஏற்றுக்கொண்டவர்கள் அவ்வூர் மக்கள். குளம் நிரம்பியிருந்தது. கூழைக்கடாக்களும் செங்கால் நாரைகளும் நீரைக் கலக்கிக்கொண்டிருந்தன. இமயத்தையே கடந்து வரும் வரித்தலை வாத்துகள் கரையோரம் மேய்ந்தன. வியப்பு என்னவெனில், வீட்டுக் கொல்லையிலுள்ள மரங்களிலும் பறவைகள் கூடு கட்டியிருந்தமைதான். கீழே பாத்திரம் துலக்கும் பெண். தலைக்கு மேலே குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை!

எச்சமும் இரைச்சலும் அவ்வூராருக்குத் தொல்லையாக இல்லாமலில்லை. எனினும், பறவைகள் அஞ்சுமென்று பண்டிகை நாளிலும் பட்டாசு வெடிக்காத ஊர் அது. பறவைகளின் எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு உரமாகின்றன. கொடுத்தவர்களும் பெறுகிறார்கள். தாமிரபரணிப் படுகையின் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் நீர்ப்பறவைகள் கணக்கெடுக்கப்பட்டு வருகின்றன. ஆர்வமுள்ள மாணவர்களும் பொதுமக்களும் அதில் பங்கு கொள்கிறார்கள். நம் பிள்ளைகளையும் அத்தகைய பணிக்கு அனுப்பலாமே!

“வாப்பா, அதற்கு அம்மா இல்லையா?”

இரவு வெகுநேரம் கழித்து வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் மகள் என்னை விடவில்லை. மான், மலை அணில், புலியின் தடம், கூந்தன்குளத்துக் கூடுகள் என ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கூட்டில் தாய்ப்பறவை குஞ்சுக்கு இரையூட்டிய செய்தியைச் சொன்னபோது, அவள் திரும்பிக் கூண்டைப் பார்த்தாள்.

“வாப்பா, நம் கிளிக்கு அம்மா இல்லையா?”

என்ன விடை சொல்வேன்? தேரிக்காட்டு மொட்டைப் பனையின் பொந்திலிருந்து, இறகு முளைக்காத குஞ்சாக எடுத்து வரப்பட்டதே அது. வாங்கி வந்தவன் நான். அதன் இறக்கையின் நுனியைக் கத்தரிக்கச் சொன்னவனும் நான். குரங்கிடம் நான் காட்டிய இரக்கத்தைப் போன்றதுதான் இந்த அன்பும் என்பது அப்பொழுது எனக்கு விளங்கிற்று. உயிர்களிடம் கருணை காட்டுவதைப் பற்றி மதரஸாவில் எத்தனை பாடங்கள் நடத்தியிருப்பேன்! எறும்பு, தேனீ, சிலந்தி, யானை ஆகியவற்றின் பெயர்களால் அமைந்த அத்தியாயங்களை அருள்மறையில் பயிற்றுவிக்கும் நாவல்லவா இது! என் வீட்டு முற்றத்தில் தொங்கிய கூண்டை மட்டும் நான் பாடத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் வாசகர்கள் அறிய வேண்டும். கிளி வளர்ப்பது சட்டப்படியும் குற்றமாகும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நம் நாட்டுப் பச்சைக்கிளிகள் காக்கப்பட்ட உயிரினங்கள். மலை மைனா, நட்சத்திர ஆமை, காட்டிலிருந்து பிடிக்கப்படும் கௌதாரி, முயல் ஆகியவையும் அவ்வாறே. நம் கடற்கரையில் கிடைக்கும் கடல் அட்டையும் 2001 முதல் தடை செய்யப்பட்ட பட்டியலில் உள்ளது. ‘எல்லாரும் வளர்க்கிறார்கள்’, ‘சந்தையில் விற்கிறார்கள்’ என்பவை விடையாகமாட்டா.

கூண்டைத் திறந்துவிட்டால் போதும் என்றே முதலில் எண்ணினேன். மணப்பாட்டு நண்பர் தடுத்தார். “இறக்கை நறுக்கப்பட்ட கிளியை வெளியே விட்டால், பூனைக்கும் காக்கைக்கும் இரையாகிவிடும். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்” என்றார். அவ்வாறே, மகளையும் உடன் அழைத்துக்கொண்டு வனத்துறை அலுவலகத்துக்குச் சென்றேன். தண்டனைக்கு அஞ்சியபடிதான் சென்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அங்கிருந்த அலுவலர் கடிந்து பேசவில்லை. எழுதி வாங்கிக்கொண்டு, புதிய இறகுகள் முளைத்துப் பறக்கப் பழகிய பின்னரே விடுவிக்க வேண்டும் என்றும், அதற்குப் பல மாதங்கள் ஆகலாம் என்றும் விளக்கினார். நெடுநாள் கூண்டில் வளர்ந்த பறவை காட்டு வாழ்வுக்குத் திரும்பும் என்று உறுதி கூற இயலாது என்பதையும் அவர் ஒளிக்கவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் மகள் அழுதாள். அவளைத் தேற்ற என்னிடம் சொற்கள் இல்லை. நான் செய்த தவறுக்கு அவள் அழ வேண்டியதாயிற்று. தவறு செய்யும்போது நமக்கு அது தெரிவதில்லை. திருத்தும்போதுதான் அதன் கனம் தெரிகிறது.

ஒரு வாரம் கழித்து, முற்றத்துச் சுவரில் மண்சட்டி ஒன்றில் நீர் ஊற்றி வைத்தாள். இப்பொழுது காலையில் மைனாக்களும் தவிட்டுக்குருவிகளும் அங்கு வருகின்றன. அவள் அவற்றின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வருகிறாள். குலசேகரன்பட்டினத்து நண்பரோ, கௌதாரி விற்பவர் கடைப்பக்கம் வந்தால், “வேண்டாம் தம்பி, பண்ணைக் காடை போதும்” என்று சொல்லி அனுப்பிவிடுவதாகக் கேள்வி.

காடு காணச் செல்வோருக்கு

குடும்பத்தோடு காடு காண விரும்பும் அன்பர்களுக்குச் சில செய்திகள். பருவ காலத்திலும், கணக்கெடுப்பு நாட்களிலும், தீ அபாயம் உள்ள கோடையிலும் வனத்துறையினர் காட்டை மூடி வைப்பதுண்டு. ஆகவே, முன்கூட்டியே விசாரித்துச் செல்லுங்கள். மண்ணின் நிறத்தை ஒத்த ஆடை அணியுங்கள். அத்தரை ஊரிலேயே விட்டுவிடுங்கள். ஒலிபெருக்கியும் பாட்டும் வேண்டாம். எந்த விலங்குக்கும் உணவு தராதீர்கள். கொண்டு சென்ற பொருள் ஒவ்வொன்றையும் திரும்பக் கொண்டு வாருங்கள். புலியைக் காணவில்லையே என்று வருந்தாதீர்கள்; அமைதியாக ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தால், காடு உங்களை வெறுங்கையோடு அனுப்பாது.

நம் வீட்டில் தொங்கும் கூண்டை இன்று ஒரு முறை உற்றுப் பாருங்கள். நம் பிள்ளைகள் நம்மிடம் கேட்கும் முன்பே, நாமே அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வோம். படைக்கப்பட்ட ஒவ்வோர் உயிரும் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதை உணர்ந்து நடக்க வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!